எக்ஸ்றேயில் விழாத வலி: நாரி நோவும் வன்னியும்

எங்கட ஊர்ப்பக்கம் முதுகின் அடிப்பகுதிக்கு ஒரு தனிப் பேர் இருக்கிறது: நாரி. "நாரி உளையுது", "நாரி பிடிச்சுப்போட்டுது", "நாரிய நிமித்த ஏலாமக் கிடக்கு". வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய யாரோடும் பத்து நிமிடம் கதைத்தால் இதில் ஒன்றாவது காதில் விழும். அதற்கு அடுத்ததாக வருகிற வசனமும் அநேகமாக எல்லாருக்கும் ஒன்றுதான்: "எக்ஸ்றே எடுத்துப் பாத்தவை, ஒண்டும் இல்லையாம்."

இந்தக் கட்டுரை அந்த "ஒண்டும் இல்லை" பற்றியது. எலும்பில் ஒன்றும் தெரியாவிட்டால் வலி பொய்யா? மனதுக்குள் இருப்பதா? வயது போனதால் வருவதா? மருத்துவ உலகம் இந்தக் கேள்வியோடு நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டுகிறது. கடந்த பதினைந்து வருடங்களில் வந்த விடைகளில் ஒன்று எலும்பையும் நரம்பையும் விட்டுவிட்டு, எங்கள் இரத்தத்தில் ஓடுகிற நிர்ப்பீடனக் கலங்களுக்குள் போய்ப் பார்க்கிறது. அந்த விடையை வன்னிக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் எங்கட பெரியாக்களின் வலிக்கு மரியாதை கிடைக்கும். பிழையாகப் புரிந்துகொண்டால் எங்கட தலைமுறைக்கு ஒரு புதுத் தலையெழுத்து எழுதப்படும்.

முதலில் ஒரு கணக்கு. 2020ஆம் ஆண்டில் உலகத்தில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு நாரி நோ இருந்தது என்று உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணிக்கிறது. மனிதரை முடக்கிப் போடுகிற காரணங்களில் உலக அளவில் முதலாவது இதுதான். அதில் பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணம் கிடைப்பதில்லை. ஆகவே "ஒண்டும் இல்லை" என்பது கிளிநொச்சியில் மட்டும் கேட்கிற வசனம் இல்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வேறாக இருப்பது, அந்த நாரிகள் கடந்து வந்த பாதை.

சுமந்த முதுகுகள்

வன்னியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பண்டாரவன்னியனில் தொடங்கி முள்ளிவாய்க்காலில் முடிப்பார்கள். அரசர்களும் சண்டைகளும்தான் அதில் அதிகம். அதே வரலாற்றை நாரியின் பக்கமிருந்து ஒருக்கால் பாருங்கோ.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளத்தைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வரம்பு கட்டி வயலாக்கியது யாழ்ப்பாணத்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்த ஏழைக் குடும்பங்கள். 1958இலும் 1977இலும் நடந்த இன வன்முறைகளுக்குப் பிறகு மலையகத் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். தேயிலைக் கூடையைத் தலைக்கயிற்றில் கொழுவி முதுகில் சுமந்த அதே மனிதர்கள், இங்கே காணியில்லாமல் மற்றவர்களின் வயலில் நாட்கூலிக்குக் குனிந்தார்கள். நாற்று நடுகை, களை பிடுங்கல், அரிவு வெட்டு எல்லாமே குனிந்து செய்கிற வேலை. வன்னியின் நெல்லுக்குப் பின்னால் இருப்பது வளைந்த நாரி.

பிறகு இடப்பெயர்வுகள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு முஸ்லிம்களும் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட சனத்தில் ஒரு பெரும் பகுதி கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தது. 1996இல் கிளிநொச்சியும் இராணுவத்திடம் போக, சனம் மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்பு என்று சிதறியது. எரிபொருளும் சீமெந்தும் மருந்தும் தடுக்கப்பட்ட காலம் அது. நெல்மூட்டை, விறகு, தண்ணீர், நோயாளி எல்லாப் பாரமும் சைக்கிள் கரியரிலும் தோளிலும்தான் போயின.

2008, 2009இல் நடந்ததை இந்தத் தளத்தை வாசிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அக்கராயன், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு பேரும் ஒரு தடவை மூட்டை கட்டிச் சுமந்ததற்கான கணக்கு. இடையில் பங்கர் வெட்டுதல், பங்கருக்குள் நாட்கணக்காகக் குந்தியிருத்தல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுதல். காயப்பட்டவர்களும் நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களுமாக 13,000க்கும் மேற்பட்டோரை அந்தக் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றியது. மிச்சச் சனம் நடந்து வந்து, மெனிக் பாம் போன்ற முகாம்களின் முட்கம்பிக்குப் பின்னால் தறப்பாளின் கீழ் படுத்தது. 2012 செப்டெம்பரில்தான் மெனிக் பாம் மூடப்பட்டது.

அதற்குப் பிறகும் நாரிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவர்களில் ஏராளம் பெண்கள். முழங்காலில் நின்று, குனிந்து, ஒரு நாளைக்கு ஒரு சிறு துண்டு நிலமாகக் கிளறுகிறார்கள். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியிலும், 24ஆம் திகதி வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் வீதியோரக் கொட்டிலில் குந்தினார்கள். வருடக்கணக்காக அந்தப் பாயிலும் பிளாஸ்ரிக் கதிரையிலும் இருந்தார்கள். பலர் பிள்ளையைக் காணாமலே செத்துப்போனார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு அம்மா நாரி உளைவு என்று ஆஸ்பத்திரிக்குப் போக, எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

நம்பிக்கையில்லாத வைத்தியம்

இந்த நம்பிக்கையின்மைக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. அது இங்கிலாந்தில், றெயில் பெட்டிக்குள்.

1866இல் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் எரிக் எரிக்சன் ஒரு நூல் வெளியிட்டார். றெயில் விபத்தில் சிக்கி, வெளியில் பெரிய காயம் எதுவும் இல்லாமல் தப்பியவர்கள் சிலர், நாட்கள் கழித்து முதுகு வலி, நடுக்கம், நித்திரையின்மை என்று வருகிறார்கள் என்று அதில் எழுதினார். முள்ளந்தண்டு குலுங்கியதால் கண்ணுக்குத் தெரியாத சேதம் நடந்திருக்கிறது என்பது அவரது விளக்கம். சனம் அதற்கு "றெயில்வே முதுகு" என்று பேர் வைத்தது. விபத்தில் பாதிக்கப்பட்ட பயணிகள் கம்பனியிடம் நட்டஈடு கேட்கத் தொடங்கியிருந்த நேரம் அது. நீதிமன்றங்களில் எரிக்சனின் நூல் சாட்சி சொன்னது.

மறுப்பும் வந்தது. 1883இல் ஹேர்பேர்ட் பேஜ் என்ற இன்னொரு சத்திரசிகிச்சை நிபுணர், முள்ளந்தண்டில் ஒன்றும் இல்லை, இதெல்லாம் பயத்தால் வருவது என்று எழுதினார். அவர் லண்டன் அன்ட் நோர்த் வெஸ்ரேர்ன் றெயில்வே கம்பனியின் வைத்தியர். பேஜ் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. பயம் உடம்பை மாற்றும் என்பதை அவர் சரியாகவே கண்டார். ஆனால் நீதிமன்றத்தில் அது "பயத்தால் வந்தது, ஆகவே கம்பனி பொறுப்பில்லை" என்றாகிவிட்டது. வலியை யார் நம்புகிறார்கள் என்ற கேள்விக்குள்ளே யார் காசு கட்டுவது என்ற கேள்வியும் அன்றைக்கே ஒளிந்திருந்தது.

1934இல் அமெரிக்காவின் மிக்ஸ்ரர், பார் என்ற இரண்டு வைத்தியர்கள், முள்ளந்தண்டெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வலி வரலாம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு நாரி நோ என்றாலே "டிஸ்க்" என்றானது. எங்கட ஊரிலும் "டிஸ்க் விலகிட்டுதாம்" என்ற கதை அங்கிருந்து வந்ததுதான்.

அந்தக் கதைக்கும் அடி விழுந்தது. 1994இல் ஒரு அமெரிக்க ஆய்வு, நாரி நோ துளியும் இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. அதில் 52 வீதமானோருக்கு ஒரு தட்டாவது வீங்கியிருந்தது. எல்லாத் தட்டும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 வீதம் மட்டுமே. படத்தில் பழுது இருந்தும் வலி இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்றால், படத்தில் ஒன்றும் இல்லாமல் வலி இருப்பவர்களை எப்படிச் சந்தேகிப்பது?

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. தமிழர்களுக்கு இது வெறும் மருத்துவப் பிரச்சினையும் இல்லை. பிரித்தானியாவில் தஞ்சம் கேட்ட ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கு, பேர் மறைத்து "கே.வி." என்று அறியப்படுவது, 2019 மார்ச்சில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முதுகிலும் கையிலும் சூடு வைத்த தழும்புகள். படத்தில் விழாத வலி என்று சொல்ல முடியாது, கண்ணால் காணக்கூடிய தழும்பு. இருந்தும் கீழ் நீதிமன்றம், இவரே யாரையோ கொண்டு தனக்குச் சூடு போட்டிருக்கலாம் என்று முடிவெடுத்திருந்தது. அப்படி நடப்பது மிக மிக அபூர்வம் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது. தழும்புக்கே இந்த நிலை என்றால், தழும்பில்லாத உளைவுக்கு எந்த நீதிமன்றம் காது கொடுக்கும்?

41 வீதம்

வலியைப் பற்றிய எண்ணத்தை மாற்றியதில் போருக்குப் பங்கு உண்டு. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் அன்சியோக் கரையில் வேலை செய்த அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயப்பட்ட சிப்பாய்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1946இல் இதை எழுதும்போது அவர் சொன்ன விளக்கம்: அந்தக் காயம் அவர்களுக்கு உயிரோடு வீட்டுக்குப் போகிற அனுமதி. காயத்தின் அளவை விட, காயம் அந்த மனிதருக்கு என்னவாக இருக்கிறது என்பதே வலியைத் தீர்மானித்தது.

இதை மாத்தளனுக்குத் திருப்பி வாசித்தால் வேறொன்று தெரியும். அங்கே காயப்பட்டவருக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. கப்பலில் இடம் கிடைத்தாலும் குடும்பத்தில் பாதி கரையில் நின்றது. காயம் வீட்டுக்குப் போகிற வழியாக இருக்கவில்லை, வீடும் இருக்கவில்லை.

1965இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் இருவரும், முண்ணாணுக்குள் வலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு "படலை" இருப்பதாகக் கோட்பாடு வைத்தார்கள். மூளையிலிருந்து இறங்கி வருகிற பயம், கவனம், நினைவு எல்லாம் அந்தப் படலையைத் திறக்கவும் சாத்தவும் கூடும். வலி என்பது சேதத்தை அப்படியே அறிவிக்கிற மணி என்ற எண்ணம் இதோடு ஆட்டம் கண்டது.

எங்கட பக்கத்தில் இந்த இடத்தில் நினைக்க வேண்டிய பேர், யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். "மனவடு" என்ற சொல்லைத் தமிழுக்குள் பரப்பியவர், அந்தப் பேரிலேயே ஒரு நூல் எழுதியவர். அவரும் வைத்தியர் சிவயோகனும் சேர்ந்து வடக்கில் சாதாரண மக்களிடையே நடத்திய ஆய்வு 1994இல் பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகையில் வந்தது. போரின் எந்த அழுத்தத்தையும் சந்திக்காதவர்கள் 6 வீதம் மட்டுமே. உளப் பாதிப்பின் வடிவங்களை எண்ணியபோது, மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீடு 27 வீதம், பதகளிப்பு 26 வீதம், பெரும் மனச்சோர்வு 25 வீதம். இவை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது உடல்வழி முறைப்பாடு: 41 வீதம். தலையிடி, நெஞ்சு அடைப்பு, உடம்பு உளைவு, நோ. சனம் போரை முதலில் உடம்பால்தான் சொன்னது.

அந்த 41 வீதத்தை அப்போது உளமருத்துவம், "மனதின் துயரம் உடம்பின் மொழியில் வெளிவருகிறது" என்று விளங்கிக்கொண்டது. அது ஒரு பெரிய முன்னேற்றம். குறைந்தபட்சம் பொய் என்று சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு பிரிவினை இருந்தது: துயரம் மெய், நோ அதன் வேஷம். 2010இல் வன்னியைப் பற்றி எழுதிய கட்டுரையில் சோமசுந்தரம், தனி ஆளின் மனவடுவைத் தாண்டி முழுச் சமூகத்துக்கும் நேர்ந்த "கூட்டு மனவடு" பற்றிப் பேசினார். அந்தக் கூட்டு மனவடு தனி ஆளின் உடம்புக்குள் எந்த வழியால் இறங்குகிறது? இங்கேதான் நிர்ப்பீடனக் கலங்கள் வருகின்றன.

பென்சில் குறிப்புகள்

எபிஜெனெடிக்ஸ் என்ற சொல்லை 1942இல் உருவாக்கியவர் கொன்றாட் வாடிங்ரன் என்ற பிரித்தானிய உயிரியலாளர். இன்றைக்கு அந்தச் சொல்லின் பொருளை இப்படி விளங்கிக்கொள்ளலாம். உங்கட உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் கிட்டத்தட்ட ஒரே டி.என்.ஏ. புத்தகம்தான் இருக்கிறது. ஆனால் ஈரல் கலம் ஒரு பாடத்தை வாசிக்கிறது, நரம்புக் கலம் இன்னொரு பாடத்தை வாசிக்கிறது. எந்தப் பாடத்தை வாசிப்பது, எதை விடுவது என்று ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்புகளில் ஒரு வகை, மெதைல் என்ற சிறிய இரசாயனக் கூட்டம் டி.என்.ஏ.யில் போய் ஒட்டிக்கொள்வது. ஒரு பரம்பரையலகின் தொடக்கத்தில் அது நிறைய ஒட்டினால் அந்தப் பாடம் பொதுவாக வாசிக்கப்படாது. புத்தகத்தின் எழுத்து மாறுவதில்லை. குறிப்பு மட்டும் மாறுகிறது. உணவு, நோய், நெருக்கீடு, வயது எல்லாம் அந்தப் பென்சிலைப் பிடிக்கலாம்.

வலிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதை லண்டனில் 2014இல் வெளியான ஒரு இரட்டையர் ஆய்வு அழகாகக் காட்டியது. உருவத்தில் மட்டுமில்லை, டி.என்.ஏ.யிலும் ஒத்த 25 சோடி இரட்டையர்கள். சோடிக்குள் ஒருவர் சூட்டை அதிகம் தாங்குவார், மற்றவர் தாங்கமாட்டார். அவர்களின் இரத்தத்தைப் பார்த்தபோது, வலியை உணர்வதில் பங்குள்ள ஒரு பரம்பரையலகின் மெதைல் குறிப்பு இருவருக்கும் வேறாக இருந்தது.

நாரிக்கு நேராக வந்தவர்கள் கனடாவின் மொன்றியலில் இருக்கிற மக்கில் பல்கலைக்கழகத்தார். மெல்சாக்கும் அங்கேதான் இருந்தார். லோறா ஸ்ரோன், மோஷே சிவ் ஆகியோரின் குழு 2011இல் முள்ளந்தண்டுத் தட்டுகளை ஆராய்ந்தது. தட்டைப் பலமாக வைத்திருக்கிற ஒரு புரதத்துக்கான பரம்பரையலகு, வயதான எலிகளிலும் நீண்டகால நாரி நோ உள்ள மனிதர்களிலும் மெதைலால் மூடப்பட்டிருந்தது.

பிறகு அவர்கள் தட்டை விட்டுத் தள்ளிப் போனார்கள். 2016இல் வெளியான ஆய்வில், எலிகளின் காலில் ஒரு நரம்பைக் காயப்படுத்தி 9 மாதம் கழித்துப் பார்த்தார்கள். 9 மாதம் என்பது எலிக்குப் பெரிய காலம். மூளையின் முன்பகுதியில் ஆயிரக்கணக்கான இடங்களில் மெதைல் குறிப்புகள் மாறியிருந்தன. அதே எலிகளின் இரத்தத்திலிருந்த ரி கலங்களிலும் குறிப்புகள் மாறியிருந்தன. ரி கலம் என்பது கிருமிகளோடு போராடுகிற வெண்குழியங்களில் ஒரு வகை. இரண்டு இடத்து மாற்றங்களும் கணிசமான அளவு ஒன்றோடொன்று பொருந்தின. காயம் காலில், அடையாளம் மூளையிலும் இரத்தத்திலும். உயிரோடு இருக்கிறவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. இரத்தம் எடுக்க ஒரு ஊசி போதும். அதனால்தான் இந்தக் கண்டுபிடிப்பு முக்கியம்: படத்தில் விழாத வலியின் தடயத்தை ஒரு நாள் இரத்தத்தில் தேடலாம்.

ரி கலங்களுக்கு வலியில் என்ன வேலை? 2015இல் மொன்றியலிலும் ரொறொன்ரோவிலும் செய்த ஆய்வு ஒரு ஆச்சரியத்தைக் கொண்டுவந்தது. ஆண் எலிகளில் நீண்ட வலியைத் தாங்கிப் பிடிப்பது முண்ணாணிலுள்ள மைக்ரோக்லியா என்ற கலங்கள். பெண் எலிகளிலோ அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ரி கலங்கள். அதுவரைக்கும் வலி ஆய்வுகள் ஆண் எலிகளிலேயே அதிகம் நடந்தபடியால் இது யாருக்கும் தெரியாமல் போனது. குடும்பத்தைத் தனியே தாங்குகிற பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிற வன்னியிலிருந்து பார்க்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. பெண்ணின் வலி ஆய்வுகூடத்துக்குள்ளேயே கணக்கில் எடுக்கப்படாமல் இருந்திருக்கிறது.

மனிதர்களிடம் வந்த முக்கியமான சாட்சி 2022இல். மக்கிலின் லூடா டியற்சென்கோ குழு, புதிதாக நாரி நோ வந்த 98 பேரை மூன்று மாதம் பின்தொடர்ந்தது. வலி மாறிப்போனவர்களின் இரத்தத்தில், நிர்ப்பீடனக் கலங்களுக்குள் ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகள் அந்த மூன்று மாதத்தில் வேலை கூடியும் குறைந்தும் மாறியிருந்தன. வலி மாறாதவர்களின் இரத்தத்தில் அந்த மாற்றம் நடக்கவேயில்லை. வலி நிலைத்துப்போவது நிர்ப்பீடனம் அளவுக்கு மீறிக் கொதிப்பதால் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது எதிர்மாறு. நியூட்ரோபில் என்ற வெண்குழியங்கள் முதலில் நன்றாகக் கொதித்து, வேலையை முடித்துவிட்டு அடங்க வேண்டும். அப்படி அடங்குவதுதான் குணமாதல். எலிகளில் ஆரம்பத்திலேயே டைக்ளோபெனாக் போன்ற அழற்சி மருந்துகளைக் கொடுத்தபோது அந்த நேரத்துக்கு நோ குறைந்தது, ஆனால் வலி நீண்ட நாள் நின்றது.

இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டிலுள்ளவர்களின் குளிசையை நிறுத்த வேண்டாம். எலியில் கண்டதை நேரே ஆளில் செய்யக்கூடாது. மருந்தைப் பற்றி வைத்தியரோடுதான் கதைக்க வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. வேலைக்குப் போகவேண்டும் என்பதற்காக ஒரு குளிசையைப் போட்டுவிட்டு அதே நாரியோடு மறுபடி குனிகிற நாட்கூலிக்காரருக்கு, உடம்பு கொதித்து அடங்குகிற அந்தக் கொஞ்ச நாள் கிடைப்பதில்லை. போர்க்காலத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. விசுவமடுவில் நொந்த நாரியோடுதான் வலைஞர்மடம் வரைக்கும் நடந்தார்கள்.

பிள்ளைகளுக்கும் போகுமா?

இந்த இடத்தில் ஒரு சறுக்கல் இருக்கிறது. எபிஜெனெடிக்ஸ் என்றவுடன் எங்களில் பலர் அடுத்த வசனத்தைத் தயாராக வைத்திருக்கிறோம்: "முள்ளிவாய்க்கால் எங்கட டி.என்.ஏ.யில எழுதப்பட்டிருக்கு. நாங்கள் மனவடுவோடதான் பிறந்தனாங்கள்." கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் சான்றுகள் அவ்வளவு தூரம் போகவில்லை.

மிகவும் பேசப்படுகிற உதாரணம் நெதர்லாந்து. 1944, 45 குளிர்காலத்தில் நாசிப் படைகளின் தடையால் அங்கே கடும் பஞ்சம் வந்தது. அந்த நேரம் தாயின் வயிற்றில் உருவாகிக்கொண்டிருந்தவர்களை 60 வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு பரம்பரையலகில் மெதைல் குறிப்பு குறைவாக இருந்தது. 2008இல் இது வெளியானது. நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் பஞ்சத்தைத் தாய் மூலம் நேரடியாகவே அனுபவித்தவர்கள். பாட்டியின் பஞ்சத்தைப் பேரன் சுமந்த கதை இல்லை.

மற்றது, யூத இனப்படுகொலையில் தப்பியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் றேச்சல் யெகூடா ஆராய்ந்தது. தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். இவ்வளவு சிறிய தொகையில் பெரிய முடிவு எடுக்க முடியாது என்று பல விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். தவிர, மனிதர் உட்பட முலையூட்டிகளில் கரு உண்டாகும்போது பெரும்பாலான பென்சில் குறிப்புகள் அழிக்கப்பட்டுத் திரும்ப எழுதப்படுகின்றன. அம்மாவின் ரி கலத்திலுள்ள குறிப்பு அப்படியே மகளின் ரி கலத்துக்கு வருகிற பாதை ஒன்றும் இல்லை.

அப்போ பிள்ளைகளுக்கு ஒன்றும் வருவதில்லையா? வருகிறது. இரவில் அம்மா நித்திரை கொள்ளாததைப் பார்த்து வளர்வதில் வருகிறது. நாரி ஏலாத அப்பாவுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போவதில் வருகிறது. நுண்கடனில் வருகிறது, விடுவிக்கப்படாத காணியில் வருகிறது, பதில் கிடைக்காத கேள்வியில் வருகிறது. இவற்றுக்கெல்லாம் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் தூக்கி டி.என்.ஏ.க்குள் போட்டுவிட்டால் அந்தப் பொறுப்பும் சேர்ந்து மறைந்துவிடும். அன்றைக்கு றெயில்வே கம்பனியின் வைத்தியர் "பயம்தான் காரணம்" என்றதும் கம்பனி தப்பியதுபோல, இன்றைக்கு "மரபணுதான் காரணம்" என்றால் தப்புகிறவர்கள் இருப்பார்கள்.

அழியக்கூடிய குறிப்பு

மக்கில் குழுவின் இன்னொரு ஆய்வோடு இதை முடிக்கலாம். 2013இல் வெளியானது. நரம்பில் காயப்பட்டு மாதக்கணக்காக வலியோடு இருந்த எலிகளின் மூளை முன்பகுதியில் மெதைல் அளவு மாறியிருந்தது. அதில் சில எலிகளை, ஓடுவதற்குச் சக்கரமும் விளையாடுவதற்குப் பொருள்களும் வைத்த கூட்டுக்கு மாற்றினார்கள். மருந்து எதுவும் இல்லை. வலிக்கூச்சம் குறைந்தது. மெதைல் அளவும் பழைய நிலைக்குத் திரும்பியது.

மனிதர் எலி இல்லை, கூட்டுக்குள் சக்கரம் வைப்பதால் மட்டும் அம்மாவின் நாரி நோ மாறிவிடாது. இந்த ஆய்வுகள் எதுவும் வன்னிச் சனத்தின் இரத்தத்தில் செய்தவை இல்லை. குறிப்பு மாறியதால் வலி வந்ததா, வலியால் குறிப்பு மாறியதா என்பதும் இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரிகிறது. உடம்பில் எழுதப்படுவது பென்சிலால்; சுற்றியிருக்கிற வாழ்க்கை மாறினால் அழியவும் மாறவும் கூடும். முட்கம்பிக்குள் தறப்பாளின் கீழ் வருடக்கணக்காக ஆட்களை வைத்திருந்தது எவ்வளவு பெரிய மருத்துவப் பிழை என்பதும் இதிலிருந்து விளங்கும். சொந்தக் காணி, நடமாட்டம், பக்கத்தில் மனிதர், பயமில்லாத நித்திரை, உழைத்து நொந்தால் ஓய்வெடுக்கக்கூடிய வருமானம் எல்லாவற்றையும் அரசியல் கோரிக்கைகளாகவே கேட்டு வந்திருக்கிறோம். அவை நாரி நோவுக்கான வைத்தியமும்தான்.

எங்கட தலைமுறை செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. வீட்டிலோ பக்கத்து வளவிலோ யாராவது "நாரி உளையுது" என்றால், உடனே பாமை எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல் "எப்ப இருந்து?" என்று கேளுங்கோ. பதில் ஒரு வருடமாக வரலாம், ஒரு ஊர்ப்பேராக வரலாம், தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு பிள்ளையின் பேராகவும் வரலாம். சொல்ல விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடுங்கோ. சொன்னால், குறுக்கே கதைக்காமல் கேளுங்கோ. அவர் சம்மதித்தால் எழுதி வையுங்கோ. கிளினிக்குக்குக் கூடப் போய் அதை வைத்தியருக்கும் சொல்லுங்கோ. எக்ஸ்றே படத்தில் இல்லாத திகதி அதில் இருக்கும்.